காதுக்குக் கேட்காத சத்தம்

சோமனூர்,
2.5.1996

அப்புனு,

எழுதிப் பழகின கை. காகிதத்தை எடுத்ததும் அந்தப் பேர் தானாக வந்து விழுந்துவிட்டது. அடிக்க மனசில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இனிமேல் உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேன்.

உன் மச்சானை எடுத்து மூன்று வாரம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். என் கொழுந்தன் ராசப்பன் தறி ஓட்டுகிறான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் பாட்டுக்கு எழுந்து போய், "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்கிறேன். நம் பிள்ளை லோகப்பிரியா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அப்போதுதான் யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

பல்லு வலியில் யாராவது சாவார்களா? நீ படித்தவன், நீ சொல். பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கேட்டார்கள். "ஏனுங்க, நெஞ்சு வலிங்களா?" "இல்லீங்க, பல்லுங்க." "பல்லுங்களா?" சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை. பாவு நூல் உருளையை ஒரே ஆளாகத் தூக்கி வைக்கிற மனுஷன்.

உன் ஆஸ்பத்திரிக்கு நானும்தானே கூட வந்தேன். அந்தச் சேரில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க மாப்ளே, இது பல்லு பாக்கற சேருங்களா, சவரம் பண்ற சேருங்களா? அப்படியே மீசையையும் ஒதுக்கி உட்டுருங்க" என்று சிரிக்க வைத்தார். நீதான் ஆசை ஆசையாக அந்தப் புது மெஷினை எனக்குக் காட்டினாய்.

"பல்லோட வேருக்குள்ள நூலாட்டம் ஒரு ஓட்டை போகுதுங்க அக்கா. அது நேரா போகாது, பக்கத்துல பக்கத்துல கிளை பிரியும். ஊசி போகாத மூலையில அழுக்கு நின்னுக்கும். மருந்துத் தண்ணியை உள்ள உட்டு, இந்தக் கம்பியை அதிர உட்டா, அந்தத் தண்ணியே மூலை மூலைக்கும் போயிக் கழுவிப்போடும்" என்றாய்.

தண்ணீர் எங்கள் பிளீச்சிங் பட்டறை வாசம் அடித்தது. கம்பி அசைகிறதே கண்ணுக்குத் தெரியவில்லை, நுனியில் மட்டும் புகை மாதிரி நுரை பறந்தது. குளவி ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். நான் காதைப் பொத்தினேன். நீ சிரித்தாய். "இது ஒண்ணுமே இல்லீங்க அக்கா. இதோட நெசமான சத்தம் மனுசக் காதுக்குக் கேக்கவே கேக்காது" என்றாய்.

அந்த ஒரு வார்த்தை இப்போது ராவும் பகலும் எனக்குள் சுற்றுகிறது. நான் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த சத்தம் எல்லாம் கேட்கிற சத்தம்தான். தறியை நிறுத்தினால் சத்தம் நின்று போகும். கேட்காத சத்தம் நின்றதா இல்லையா என்று எப்படித் தெரியும்? வெளியே வராத சத்தம் எங்கே போனது? அவர் தலைக்குள்ளே போய் அங்கே இருந்ததை எல்லாம் கலக்கித் தொண்டைக்கு இறக்கிவிட்டதா?

எழவுக்கு வந்தாய். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாய். "மெசினைப் போட்டுக் கொன்னுபோட்டு மாலையோட வேற வந்துட்டயா?" என்று ராசப்பன் உன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவனைத் தடுக்கவில்லை. தப்பு செய்யாதவன் பேசுவான் அல்லவா?

உன் மெஷின்தானா? ஆமாம், இல்லை, ஒன்றை எழுது.

குழந்தையம்மாள்


ஆர்.எஸ்.புரம், கோவை,
9.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம் அக்கா. என் கையில்தான் தவறு நடந்தது. மெஷின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் நன்றாக நடந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த எதற்கும் நான்தான் பொறுப்பு. ராசப்பன் தள்ளியதில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் அடித்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வேலை முடிந்ததும் பல்லின் மேல் தற்காலிகமாக ஒரு வெள்ளைச் சாந்து வைத்து அடைத்திருந்தேன். அது கடைசிவரை இருந்ததா? வேண்டாம், விடுங்கள். இப்போது தெரிந்து என்ன ஆகப் போகிறது?

லோகப்பிரியாவுக்குக் கீழ் வரிசையில் ஒரு பல் கறுத்திருக்கிறது. சித்திரை லீவில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். என்னிடம் வர வேண்டாம். ஆனால் யாரிடமாவது காட்டுங்கள். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வலி வந்து பிறகு நின்றுபோனால் அப்போதும் விட்டுவிடாதீர்கள். இதை மட்டும் கேளுங்கள்.

சாப்பிடுங்கள் அக்கா.

கிருபாசங்கர்


சோமனூர்,
20.5.1996

டாக்டர் கிருபாசங்கர் அவர்களுக்கு,

ஆமாம் என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாயே. நீ இல்லை என்று சொல்வாய், நான் கத்துவேன், நீயும் கத்துவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் காகிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போனது.

ராசப்பனிடம் காட்டினேன். அவன் கடைவீதியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். இப்போது எங்கள் பக்கம் உனக்கு என்ன பேர் தெரியுமா? எமன் ஊட்டுப் பல்லு டாக்டர். "வலி நிக்கோணுமா? அங்க போங்க, எல்லாமே நின்னு போகும்" என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

சாந்தைப் பற்றிக் கேட்டாய். கேட்டுவிட்டு வேண்டாம் என்றாய். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை, எழுதுகிறேன்.

உன்னிடம் வந்து போன அன்று ராத்திரியே வலி போய்விட்டது. மூன்று மாதமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கின மனுஷன் குறட்டை விட்டார். "உன்ற தம்பி கெட்டிக்காரன் அம்மணி. இனி கரும்பைக் கூடக் கடிப்பேன்" என்றார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருந்தாய். அதற்குள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள். போன வருஷம் லோகப்பிரியாவுக்கு அம்மை போட்டபோது அவர் பூவோடு எடுப்பதாக நான்தான் வேண்டியிருந்தேன். நெருப்புச் சட்டி எடுக்கிற ஆளுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிறவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. இது உனக்கே தெரியும். நோம்பி முடிந்து கம்பம் பிடுங்கினதும் போகிறேன் என்றார். வலியும்தான் இல்லையே.

கோயிலில் கொடுத்த கடலையைக் கடிக்கும்போது அந்தச் சாந்து பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "வலியில்லாத பல்லுக்கு மூடி எதுக்கு?" என்று வாசலில் எறிந்தார்.

நாலைந்து நாள் போயிருக்கும். தாடைக்குக் கீழே வீங்கியது. நோம்பிச் சமயம், ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு வேறு முகம் வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பொன்னுக்குவீங்கி என்றார்கள். அதற்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டேன். பொன் போட்டால் இறங்கும் என்று என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டேன். அந்த வலியிலும், "என்ன அம்மணி, எனக்குத் தாலி கட்டறயா? அப்ப இனி நான்தான் உனக்குச் சோறாக்கோணுமா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசின பேச்சு.

மறுநாள் விடிந்தபோது நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சுக் குழறியது. எச்சில் முழுங்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றை இன்னொரு கை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த நிலைமையிலும் காப்பை நினைத்தார் என்றால் பார்த்துக்கொள். "அறுக்க மாட்டனுங்க. பயப்படாதீங்க" என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு பக்தி. அவரையா ஆத்தா கைவிட்டாள்?

பொழுது சாயும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ராசப்பன் டாக்சி கொண்டுவந்தான். காப்போடவே எல்லை தாண்டினோம். கருமத்தம்பட்டி தாண்டவில்லை, என் மடியிலேயே முடிந்துவிட்டது. நோம்பி சாட்டின ஊரில் பிணம் கிடக்கக் கூடாது, விடிந்ததும் எடுத்தாகணும் என்றார்கள். எடுத்துவிட்டோம்.

அம்மனும் பொன்னும் காப்பாற்ற முடியாத அளவுக்கு அந்தத் தலைக்குள் நீ என்னத்தை விட்டாய்? அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

லோகப்பிரியாவின் பல்லைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

குழந்தையம்மாள்


ஆர்.எஸ்.புரம், கோவை,
4.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். கடலை, சாந்து, சங்கிலி. மச்சான் சொன்ன ஜோக்கைப் படித்துச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மெஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். அந்தக் கேட்காத சத்தம் பல்லுக்குள் இருக்கிற தண்ணீரைத் தாண்டி எங்கும் போகாது என்றுதான் படித்தேன். படித்ததை நம்பித்தான்... இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரியை விட்டுவிடுங்கள்.

என் தப்பு என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் உங்களுக்குச் சொல்ல முடியும், மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் பாதி வேலைதான் செய்தேன். ஆனால் அந்தப் பாதியை மிக நன்றாகச் செய்துவிட்டேன். வலி மொத்தமும் போய்விட்டது. கொஞ்சம் வலியை மிச்சம் வைத்திருந்தால் மச்சான் திரும்பி வந்திருப்பார். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாளாவது வந்திருப்பார். புது மெஷின் எவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறது என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேனே தவிர, "இன்னும் முடியலைங்க மச்சான், நீங்க வராட்டி நானே வருவேன்" என்று சொல்லவில்லை. நான் வந்திருக்கலாம். அந்த ஊருக்குள் வர எனக்கு எந்தக் காப்பும் தடையில்லை. ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம்.

ஓசூரில் என்னோடு படித்தவன் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறான். அங்கே போகிறேன். இங்கே சோமனூர், பல்லடம் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. நான் போவது அதனால் அல்ல. வாயைத் திறந்து காட்டுகிற ஒவ்வொருவரிடமும் மச்சானின் பல்லைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் மட்டும் உங்களை எதற்கும் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். யார் என்ன சொன்னாலும், பின்னால் எப்போதாவது என்ன தோன்றினாலும், மெஷின்தான் என்று இருந்துகொள்ளுங்கள். என்மேல் கோபமாகவே இருங்கள் அக்கா. அது நல்லது.

ஓசூர் விலாசம் பின்னால் இருக்கிறது. எழுத வேண்டும் என்பதில்லை.

கிருபாசங்கர்


சோமனூர்,
18.8.1996

அப்புனு,

இந்தத் தடவை கை பழக்கத்தில் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் கடைசிக் காகிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபமாகவே இருங்கள் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் சோற்றில் கல் மாதிரி கடித்துக்கொண்டே இருந்தது. யாராவது தன்மேல் கோபப்படச் சொல்வார்களா?

போன திங்கட்கிழமை லோகப்பிரியா பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தாள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. மறுநாள் முகம் வீங்கிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் பொன்னுக்குவீங்கி என்றார்கள். பெட்டியைத் திறந்து அந்தச் சங்கிலியைத் தேடி எடுத்து, இவள் கழுத்தில் போடப் போனேன்.

போடவில்லை. அப்படியே கை நின்றுவிட்டது.

வீக்கம் காதோரத்தில் இருந்தது, அப்புனு. காது மடலுக்குக் கீழே, முன்னால், இரண்டு பக்கமும். காது மடல் தூக்கிக்கொண்டு நின்றது. தாடைக்கு அடியில் ஒன்றும் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். நல்ல நாக்கு. "ஏம்மா, இப்படிப் பாக்கறீங்க?" என்று நன்றாகப் பேசினாள். கஞ்சி குடித்தாள். கடித்து மெல்லத்தான் நோவு, முழுங்க முடிந்தது.

அவருக்கு இப்படி இல்லை. அவருக்குக் காதோரம் ஒன்றுமே இல்லை. முழுக்கத் தாடைக்கு அடியில், பலகை மாதிரி. நான்தானே பற்றுப் போட்டேன். என் விரலுக்குத் தெரியும். உன் நாற்காலியில் உட்கார்ந்தாரே, அந்தப் பல்லுக்கு நேர் கீழே ஆரம்பித்தது.

அம்மை ஊசி போட வருகிற நர்சம்மாவை ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். "இது பொன்னுக்குவீங்கிதானுங்க. ஒரு வாரத்துல தானா வடிஞ்சு போகும்" என்றார்.

"தாடைக்கு அடியில வீங்கி, நாக்கு மேல தூக்கிக்கிட்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "அது பல்லுல இருந்து சீழ் இறங்கறதுங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா, கீறி எடுத்து உட்ருவாங்க" என்றார். அப்புறம், "எல்லாருக்கும் தெரியறதில்லீங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அழுதேன், அப்புனு. நாலு மாதத்து அழுகையும் ஒன்றாக வந்தது. லோகப்பிரியா வீங்கின கன்னத்தோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தனக்காக அழுகிறேன் என்று நினைத்து, "எனக்கு வலிக்கலீங்கம்மா" என்றாள்.

நீ எழவுக்கு வந்த அன்றைக்கு, நான் அவர் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் இருந்து பார்த்தாய். அவர் தாடையைப் பார்த்தாய், சங்கிலியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். உன் வாய் திறந்தது. ராசப்பன் உன்னைத் தள்ளுவதற்கு முந்தியே திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டாய். அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரியும். நான் உன்னைக் கொலைகாரன் என்றபோதும் ஆமாம் என்று எழுதினாயே, எப்படி மனசு வந்தது உனக்கு? ஊர் சிரித்ததே, ஊரை விட்டே போனாயே?

ராசப்பனிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எல்லாத் தறியையும் நிறுத்தினான். அவ்வளவு நிசப்தத்தில் இந்த வீட்டை நான் கண்டதே இல்லை. "நாந்தான் நேரமே டாக்சி புடிச்சிருக்கோணும் அண்ணி" என்றான். நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய், நானே வந்திருக்கலாம் என்று. ஆளாளுக்குப் பழியை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்கிறீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

லோகப்பிரியாவுக்கு வீக்கம் வடிய ஆரம்பித்துவிட்டது. அவளுடைய கறுத்த பல்லை நீதான் பார்க்கணும். ஓசூராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டியைப் பிரித்து அந்த மெஷினை வெளியே எடுத்து வை. அதிலேயே கழுவு. நான் காதைப் பொத்த மாட்டேன். இரண்டாம் தடவை வரச் சொன்னால் இரண்டாம் தடவையும் வருவேன். காப்பே கட்டியிருந்தாலும் வருவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை ராசப்பனிடம் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு தடவை பெருமையாக எழுதினேன், பக்தி என்று.

அன்றைக்கு விடிகாலையில் அவர் கையை நீட்டினார் அல்லவா? காப்புக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பேச்சு வரவில்லை. ஒரு விரலைக் கயிற்றுக்கு அடியில் விட்டு, லேசாக இழுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நெஞ்சின் மேல் வைத்து, அறுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் என்னையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம்தான் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு, காப்போடு எல்லை தாண்டக் கூடாது என்று சாயங்காலம்வரை நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ எத்தனையோ பேரைப் பார்க்கிறாய். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கையாலேயே அவர்கள் சொல்கிறது எல்லாம் உனக்குப் புரியும்.

அப்புனு, அவர் என்னிடம் அதை அறுக்க வேண்டாம் என்றாரா, அறு என்றாரா?